படபடப்பு வரும்போதே ஒரு ஈசிஜி

இதயத் துடிப்பின் தாளம் தவறும் நோய்களில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நோயாளி டாக்டர் முன்னால் வந்து உட்காரும்போது பெரும்பாலும் நோய் போயிருக்கும். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் என்றைக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தாலும் தெரியும். வால்வு சுருங்கியிருந்தால் எந்த நாளில் எக்கோ பார்த்தாலும் தெரியும். தாளக் கோளாறு அப்படி இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு நிமிடத்துக்கு 190 முறை அடித்த இதயம், காலை பத்து மணிக்கு கிளினிக்கில் 78 அடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். ஈசிஜி நார்மல். எக்கோ நார்மல். ரத்தப் பரிசோதனையும் நார்மல். "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்" என்று ஒரு தூக்க மாத்திரையோ கேஸ் மாத்திரையோ எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மும்பையில் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் பொது மருத்துவராக இருக்கிறேன். தாராவியிலிருந்து வரும் திருநெல்வேலிக்காரர்கள், மாட்டுங்காவின் பாலக்காட்டு மாமா மாமிகள், ஆன்டாப் ஹில், செம்பூர்க் குடும்பங்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். நான் இதய நிபுணர் இல்லை. ஆனால் "நெஞ்சு படபடன்னு வருது" என்று சொல்கிறவர் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். அவர் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவாரா, வருடக்கணக்காக அலைவாரா என்பது இந்த முதல் மேஜையில்தான் முடிவாகிறது. அதனால் இந்த மேஜையில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதத் தோன்றியது. நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

தாராவியில் ஒரு அக்கா. கணவர் சைக்கிளில் இட்லி விற்கிறார். அக்கா நடுராத்திரி தாண்டியதும் எழுந்து வேலையைத் தொடங்கிவிடுவார். பல வருடங்களாக அவ்வப்போது படபடப்பு. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் பதற்றம் என்றே எழுதியிருந்தார்கள். கையில் ஒரு தடித்த ஃபைல்; உள்ளே வரிசையாக நார்மல் ஈசிஜிகள்.

இப்படி வருகிறவர்களிடம் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்பேன். எப்படி ஆரம்பிக்கிறது, மெல்ல ஏறுகிறதா, சட்டென்றா? எப்படி முடிகிறது? கழுத்தில் துடிக்கிறதா? நின்ற பிறகு நிறைய சிறுநீர் போகிறதா? கடைசியாக, "எப்படி அடிக்குதுன்னு மேஜையில விரலால தட்டிக் காட்டுங்க" என்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்குக் காசு செலவில்லை, ஆனால் அது சொல்லித் தருகிற அளவுக்குப் பல பரிசோதனைகள் சொல்லித் தருவதில்லை. சீராக, மிக வேகமாகத் தட்டினால் ஒரு வகை. ஒழுங்கே இல்லாமல் தட்டினால் வேறு வகை. இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, அப்புறம் ஒரு பலமான தட்டு என்றால் அது இன்னொன்று.

அக்கா சொன்னது இது: "ஸ்விட்ச் போட்ட மாதிரி டாக்டரம்மா. குனிஞ்சு மாவுக் குண்டானைத் தூக்குவேன், டபக்குன்னு ஆரம்பிச்சிரும். தொண்டைக் குழியில இடி இடின்னு இடிக்கும். அப்புறம் அதுவா நின்னுரும். நின்ன பிறகு நாலு தடவை கக்கூஸுக்குப் போகணும். ராத்திரியில பப்ளிக் கக்கூஸுக்கு எத்தனை தடவை நடக்க?" சொல்லிவிட்டு மேஜையில் தட்டினார். சீரான, வேகமான தட்டு.

பதற்றத்தாலோ காய்ச்சலாலோ ரத்தசோகையாலோ கூடும் துடிப்பு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும். சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்பது, இதயத்தின் மின்பாதையில் எங்கோ ஒரு குறுக்குச் சுற்று உண்டாகியிருப்பதன் அடையாளம். மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்சாரம் இறங்குகிற இடத்தில் சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு வழிகள் இருக்கும், ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. சரியான கணத்தில், முறைக்கு முந்தியே ஒரு துடிப்பு விழுந்தால், மின்சாரம் ஒரு வழியாக இறங்கி இன்னொரு வழியாக மேலேறி அங்கேயே சுற்றத் தொடங்கிவிடும். குனிவது கூட அதற்குப் போதும். மேலறையும் கீழறையும் ஒரே நேரத்தில் சுருங்குவதால் மேலறை ரத்தம் போக வழியின்றிக் கழுத்து நரம்புகளுக்குத் திரும்பி அடிக்கும். அதுதான் தொண்டைக் குழி இடி. மேலறைச் சுவர் விரிவதால் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் அந்தச் சிறுநீருக்குக் காரணம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நோயின் நேரடி விவரம். இத்தனை வருடமும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கூட வந்த கணவர், "இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம் டாக்டரம்மா" என்றார். "அண்ணாச்சி, நிமிஷத்துக்கு 190 அடிச்சா உங்களுக்கும் பயம் வரும்" என்றேன்.

இது இங்கே மட்டும் நடக்கிற கதை அல்ல. சட்டென்று வந்து போகும் இந்த வேகத் துடிப்பை எஸ்விடி என்பார்கள். 1997-இல் அமெரிக்காவில் இதே வகை நோய் உறுதியான 107 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 67 சதவீதம் பேர் சொன்ன அறிகுறிகள் பீதி நோய்க்கான வரையறைக்கு அப்படியே பொருந்தின. பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் மருத்துவப் பரிசோதனையில் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கே மனப் பதற்றம் என்ற முத்திரை அதிகம் விழுந்திருந்தது. இதில் எனக்குக் கோபம் வருவது உண்மை. இந்த நோயின் மிகப் பொதுவான வகை ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு அதிகம் வருகிறது. யாருக்கு அதிகம் வருகிறதோ அவர்களைத்தான் குறைவாக நம்புகிறோம்.

கதை கேட்டு ஊகிக்கலாம், ஆனால் பேப்பரில் பிடித்தால்தான் சிகிச்சைக்கு வழி திறக்கும். அக்காவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், ஆங்கிலத்திலும் இந்தியிலும். "இவருக்குப் படபடப்பு இருக்கும்போதே 12 லீட் ஈசிஜி எடுங்கள். எடுத்த பிறகு மருந்து கொடுங்கள். பேப்பரை அவரிடமே தந்துவிடுங்கள்." படபடப்பு வந்தால் ஆட்டோவோ டாக்ஸியோ, கிடைத்ததில் ஏறி ஈசிஜி இருக்கிற மிக அருகிலான இடத்துக்குப் போக வேண்டும். சிறிய நர்சிங் ஹோமாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய டாக்டர் வரட்டும் என்று காத்திருந்தால் துடிப்பு நின்றுவிடும், பேப்பரில் இன்னொரு நார்மல்தான் பதிவாகும்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, மடித்த பேப்பரோடு வந்தார். ஈசிஜி பேப்பர் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. 300-ஐ இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இருக்கும் பெரிய கட்டங்களால் வகுத்தால் நிமிடத் துடிப்பு கிடைக்கும். அக்காவின் பேப்பரில் ஒன்றரைக் கட்டத்துக்குச் சற்று மேல். குறுகிய, சீரான அலைகள். மேலறையின் அலை தனியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. பல வருடத்துப் பதற்றம் இவ்வளவுதான், ஒரு முழம் பேப்பர். அவர் பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இது நோய்தான். குணமாகுற நோய்" என்றதும் அழுதார்.

இந்தத் துடிப்பை நிறுத்த ஆஸ்பத்திரியில் அடினோசின் என்ற ஊசி போடுவார்கள். 6 மில்லிகிராம், போதாவிட்டால் 12. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நொடிகள்தான், அதனால் பெரிய நரம்பில் வேகமாகச் செலுத்தி உடனே சலைனைத் தள்ள வேண்டும். மருந்து இறங்கும் கணத்தில் இதயம் ஒரு சில நொடி நின்று மறுபடி சரியான தாளத்தில் தொடங்கும். அந்த நொடிகளில் நோயாளிக்கு நெஞ்சை அழுத்தும், உயிர் போவதுபோல இருக்கும். "பத்து நொடியில் சரியாகிவிடும், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்வது மருந்தைப் போலவே முக்கியம். சொல்லாமல் போட்டால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வரவே பயப்படுவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

ஊசிக்கு முன்னால் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. சாய்ந்து உட்கார்ந்து 15 நொடி மூச்சை அடக்கி முக்க வேண்டும். 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு ஊதினால் சரியான அழுத்தம் கிடைக்கும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களை 45 டிகிரிக்கு 15 நொடி தூக்கிப் பிடிக்க வேண்டும். உட்கார்ந்தபடியே முக்கினால் 17 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பு சரியானது; இப்படிப் படுத்துக் காலைத் தூக்கியபோது 43 சதவீதம். இந்த நோய் என்று உறுதியானவர்களின் வீட்டாருக்கு இதைக் கற்றுக்கொடுக்கிறேன். இட்லி அண்ணாச்சிதான் எங்கள் கிளினிக் கட்டிலில் அக்காவின் காலைத் தூக்கிப் பிடித்துப் பழகினார்.

நிரந்தரத் தீர்வு அப்லேஷன். தொடை நரம்பு வழியாக மெல்லிய வயர்களை இதயத்துக்குள் கொண்டுபோய், அந்த நோயையே அங்கே வரவழைத்துப் பார்ப்பார்கள். சுற்று எங்கே ஓடுகிறது என்று தெரிந்ததும் அந்த மெதுவான வழியில் ஒரு சிறு புள்ளியை ரேடியோ அலைச் சூட்டால் அடைத்துவிடுவார்கள். நெஞ்சைத் திறப்பதில்லை. இந்த வகை நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இதயத்தின் இயல்பான மின்வழி இருப்பதால், நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது பாதிக்கப்பட்டு பேஸ்மேக்கர் தேவைப்படலாம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாத்திரையா அப்லேஷனா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு. அக்கா அப்லேஷன் என்றார். அதற்குப் பிறகு மாவுக் குண்டானைத் தூக்கக் குனிவதில் அவருக்குத் தயக்கம் இல்லை.

ஈசிஜி எடுக்க இன்று ஒரு சின்னப் பெட்டியும் ஐந்து நிமிடமும் போதும். நெதர்லாந்தின் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்தபோது நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்திருக்க வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவிக்கு ஹோல்ட்டர் என்று பெயர் வந்தது, நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கரால். 1940-களில் அவர் முதுகில் சுமந்த முதல் கருவி சுமார் 38 கிலோ. இன்று அது உள்ளங்கையில் அடங்குகிறது.

அடங்கினாலும் அதைத் தப்பாகப் பயன்படுத்துகிறோம். மாதத்துக்கு ஒரு முறை படபடப்பு வருகிறவருக்கு 24 மணி நேர ஹோல்ட்டர் கட்டினால் என்ன கிடைக்கும்? நார்மல் என்று இன்னொரு ரிப்போர்ட். தினமும் வந்தால் 24 மணி நேரம் போதும். வாரம் ஒரு முறை என்றால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஒட்டிவைக்கும் பேட்ச். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மயங்கி விழுகிறவருக்குத் தோலுக்கடியில் வைக்கும் சிறிய ரெக்கார்டர். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் வைத்திருப்பவர்கள், படபடப்பு வரும்போது மறக்காமல் விரலை வைத்துப் பதிவு செய்து அந்தப் படத்தைக் கொண்டு வாருங்கள். துடிப்பு எண்ணை மட்டும் காட்டும் கடிகாரம் நோயைச் சொல்லாது, ஆனாலும் "வந்தது நிஜம்" என்பதற்குச் சாட்சி.

இரண்டு தட்டு, ஓர் இடைவெளி என்று தட்டிக் காட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது எக்டோபிக் எனும் முந்திய துடிப்பு. எக்கோ நன்றாக இருந்து, ரத்தசோகையும் தைராய்டும் பொட்டாசியமும் சரியாக இருந்து, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். விட்டுவிடுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்தத் துடிப்புகள் ஆபத்து என்று எண்ணி, அவற்றை அடக்கும் மருந்துகளை ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுத்தார்கள். துடிப்புகள் அடங்கின. 1989-இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வில், என்கைனைடு, ஃப்ளெகைனைடு சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இறந்திருந்தார்கள். ஈசிஜி அழகாகிவிட்டது என்பதற்காக மருந்து எழுதக் கூடாது என்று அதைப் படித்த ஒவ்வொரு டாக்டருக்கும் தெரியும்.

ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று விழுகிற பிள்ளையை விட்டுவிடவே கூடாது. வலிப்பு என்று வைத்தியம் நடந்துகொண்டிருக்கும், ஒரு ஈசிஜி கூட எடுத்திருக்க மாட்டார்கள். ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி பிறவியிலேயே நீண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. உரத்த அலாரம் கேட்டால்கூட அவர்களுக்கு ஆபத்தான தாளம் வரலாம். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் காரணம் தெரியாமல் இறந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் தடவை மயங்கி விழுந்த எவருக்கும், எந்த வயதானாலும், ஒரு ஈசிஜி.

மாட்டுங்காவில் ஒரு மாமி, எண்பதைத் தாண்டியவர். தலைச்சுற்றலுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டிருந்தார்கள். நாடி பிடித்தால் 34. யாரும் நாடி பிடிக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. முதலில் அவர் போடுகிற மருந்துகளைப் பார்த்தேன். சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து கூடக் குறைக்கும். அவை எதுவும் இல்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்தொடர்பு முழுதாக அறுந்திருந்தது. "இந்த வயசுல எனக்கு மெஷின் எதுக்கு குழந்தே?" என்றார். ஆர்னே லார்சன் கதையைச் சொன்னேன். 1958 அக்டோபரில் ஸ்வீடனில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டவர். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. மாற்றி மாற்றி 26 கருவிகளோடு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். "இருபத்தாறா!" என்று மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டார், இப்போது காய்கறிக் கடைக்குத் தனியாகப் போகிறார்.

ஒழுங்கே இல்லாத தட்டைப் பற்றி இனி. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப். மேலறைகள் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். தேங்கும் ரத்தம் இடது மேலறையின் ஒரு மூலையில் கட்டியாகி, அது மூளைக்குப் போனால் பக்கவாதம். வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு. வயது, பிரஷர், சர்க்கரை, தைராய்டு எல்லாம் காரணமாகலாம். 1998-இல் பிரான்சின் போர்தோவில் ஹைசகேர் குழு, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தக் குழாய்களிலிருந்துதான் இதன் பொறி பெரும்பாலும் கிளம்புகிறது என்று காட்டிய பிறகு இதற்கும் அப்லேஷன் வந்துவிட்டது. ஆனால் நான் பார்க்கிற கூட்டத்தில் இன்னொரு காரணம் முன்னால் நிற்கிறது. சிறு வயதில் தொண்டை வலியாக வந்து, மூட்டு வலியாக மாறி, மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போன ருமாட்டிக் காய்ச்சல். ஒரே அறையில் பத்துப் பேர் படுக்கும் இடங்களில் அந்தத் தொண்டைத் தொற்று எளிதாகப் பரவுகிறது. முப்பது, நாற்பது வயதிலேயே ஏஎஃப்.

இவர்களுக்கு ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை கட்டாயம். ஆஸ்பிரின் அந்த வேலையைச் செய்யாது. புதிய வகை மாத்திரைகள் பலருக்கு வசதி, அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டாம். ஆனால் ருமாட்டிக் வால்வு நோய் உள்ளவர்களிடம் 2022-இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு, பழைய வார்ஃபரின் வகையே நல்லது, அதில்தான் சாவும் குறைவு என்று காட்டியது. ஆகவே அவர்களுக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால், கூடவே ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை, அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில். கீரையை நிறுத்த வேண்டாம்; ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும். வலி மாத்திரையைத் தானாகக் கடையில் வாங்க வேண்டாம். பல் பிடுங்க வேண்டுமானால் இந்த மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டுப் போக வேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு அண்ணன், தாராவியில் தோல் பட்டறை வேலை. ஐஎன்ஆர் இங்கே ஒழுங்காக இருந்தது. மே மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனார். இரண்டு மாதம். மாத்திரை தீர்ந்தது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது வலது கை விழுந்திருந்தது, பேச்சு வரவில்லை. அவர் மனைவி, "மாத்திரை இத்தினிக்கூண்டா இருக்கும் டாக்டரம்மா, அதுவா இவ்வளவு பெரிய விஷயம்?" என்று கேட்டார்.

மும்பைத் தமிழர்களின் வாழ்க்கையில் ஊர்ப் பயணம் தவிர்க்க முடியாதது, தவிர்க்கவும் வேண்டாம். அதனால் ஏப்ரலிலேயே ஏஎஃப் நோயாளிகளை வரச்சொல்லி, ஊர் டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம் தமிழில் எழுதித் தருகிறோம். என்ன வால்வு, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி ஐஎன்ஆர் எவ்வளவு, அடுத்தது என்றைக்கு. அசினோகூமராலும் வார்ஃபரினும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுக்கக் கூடியவை அல்ல, அளவுகளே வேறு என்று மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு வரி. தங்கப்போகிற நாட்களைவிட இரண்டு வாரம் கூடுதலாக மாத்திரை. ஐஎன்ஆர் பார்க்கும் லேப் எந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று நோயாளிகளே திரும்பி வந்து சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் சேர்ந்துகொண்டிருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி டவுன்களுக்குப் பிரச்சினை இல்லை. விளாத்திகுளம், சாத்தான்குளம், நாங்குநேரி பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், இந்த மே மாதத்துக்கு முன்னால் சேர்த்துவிடுகிறேன்.